மேடையில் நீ திருப்பிக் காட்டிய அட்டை

அன்புள்ள மகனுக்கு,

அந்தக் கூடத்தில் மைக்கை என் கையில் கொடுத்தபோது நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "இவன் இப்போது சொன்னதை இந்த அறைக்கு வெளியே யாரும் பேசாதீர்கள். அதைச் சொல்லச் சொல்லி இவனிடம் யாரும் கேட்கவில்லை. இவன் சொன்னது அந்தப் பெண்கள் ஒருவருக்கும் தெரியாது." இவ்வளவும் வாயில் வரிசையாக வந்து நின்றன. நான் சொன்னதோ, "சின்ன வயசிலிருந்தே நல்லா படிப்பான்ங்க" என்பது. கைதட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அப்பா, எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தார். நீ மேடையிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை, அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அங்கே இருந்த யாரையும் எனக்கு நம்பத் தோன்றவில்லை. வெளியே பேசாதீர்கள் என்று நானே சொன்னால், இதில் பேச ஏதோ இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ பேசுவாய், நான் கேட்பேன், அப்படியே பழகிவிட்டது. போன மாதம் கூப்பிட்டபோதும் அப்படித்தான். "அம்மா, இன்னிக்கு கிளாஸ் செமையா இருந்துச்சு. ஒருத்தங்க வாழ்க்கையைப் பத்தி எழுதறதுக்கு முன்னாடி அவங்க சம்மதம் வாங்கணும். அதை எப்படிக் கேக்கறோம்ங்கறதும் முக்கியம். நாம மேல நின்னுக்கிட்டு கேட்டா அவங்களால வேணாம்னு சொல்ல முடியாது, இல்லியா?" என்றாய். "ஆமா சாமி" என்றேன். பிறகு விடுதியில் ரசம் தண்ணீராக இருப்பதைப் பற்றிச் சொன்னாய். நான் காதில் போனை வைத்தபடி காத்திருந்தேன். இப்போது அந்தக் கூடம் உனக்கு ஞாபகம் வரும், இப்போது வரும் என்று. ரசம் முடிந்து துணி துவைக்கும் மெஷினுக்குப் போய்விட்டாய். போனை வைத்ததும் எனக்கு முதலில் தோன்றியது இது: எல்லாரிடமும் கதைகளை வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் இந்தப் பாடத்தை எடுக்கிறார்களோ? சந்தேகப்படுவது என் குணம் என்று நீ பல தடவை சொல்லியிருக்கிறாய். இருக்கட்டும், அந்தக் குணத்தோடேயே எழுதுகிறேன். இதைப் பத்திரிகையில், ஊரே படிக்கிற இடத்தில் ஏன் எழுதுகிறேன் என்பதை முடிக்கும் முன் சொல்கிறேன்.

அந்தத் திட்டத்தைப் பற்றி உனக்கு முதலில் சொன்னது கிருஷ்ணகிரி கல்லூரியில் உன் பேராசிரியர். அத்திப்பள்ளி தாண்டி ஒரு தனியார் பல்கலைக்கழகம். சமூக நீதிக்காகவும், ஏமாற்றப்படுகிறவர்களின் உரிமைக்காகவும் வேலை செய்ய விரும்புகிற பிள்ளைகளில் கொஞ்சம் பேரை ஒவ்வொரு வருடமும் பொறுக்கி எடுத்து, முதுகலைப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஸ்காலர்ஸ் என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பெயர். நீ வந்து சொன்ன அன்றைக்கு உன் அப்பா கேட்டார்: "ஃப்ரீயாவா?" "ஃப்ரீதாம்ப்பா." "எவன்டா குடுக்கறான் ஃப்ரீயா? லேடீஸுக்கு பஸ் ஃப்ரீன்னாங்க, உங்கம்மா கை காட்டினா டிரைவர் நிக்காம போறான்." கம்பெனி பஸ் ஓட்டுகிறவரே இதைச் சொன்னதில் மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் அந்தத் திட்டத்தை முழுசாக நம்பிவிட்டார். மறுநாளே டிப்போவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். வாயைத் திறக்காமல் இருந்த எனக்குத்தான் அது உள்ளே தங்கிவிட்டது. எதற்காகக் கொடுக்கிறார்கள்? நம்மிடம் என்ன இருக்கிறது என்று கொடுக்கிறார்கள்?

முதல் சுற்றில் நீ தேறியதும் வீட்டைப் பார்க்க ஆள் வந்தது. ஓர் இளம்பெண், ஒரு நடுவயதுக்காரர். அதற்கு முந்தைய நாள் நான் புத்தக அலமாரியைத் துடைத்து அடுக்கினேன். கல்யாணத்துக்கு முன் மத்தூரில் வாங்கியதிலிருந்து, ஓசூர் பழைய புத்தகக் கடையில் எடைக்கு எடுத்தது வரை எல்லாம் அதில் இருக்கிறது. நான் படிப்பேன் என்பதே கம்பெனியில் யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் படித்தாலும் அட்டையை நியூஸ்பேப்பரால் மூடிக்கொள்வேன். என்ன படிக்கிறாய் என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும், அது எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு மட்டும் பார்க்கட்டுமே என்று நினைத்தேன். உன் அப்பா பக்கத்து வீட்டில் கேட்டு இரண்டு நல்ல நாற்காலி வாங்கிவந்து போட்டிருந்தார். அவர்கள் தரையில்தான் உட்காருவோம் என்றார்கள். நாற்காலிகள் இரண்டும் காலியாக நிற்க, ஐந்து பேரும் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண் படம் எடுத்தார். சிமென்ட் ஷீட், கேஸ் அடுப்பு, கொடியில் காய்கிற என் யூனிஃபார்ம். அலமாரி அவர் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. ஒருதடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அம்மா, நீங்க கடந்து வந்த கஷ்டத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார்.

"கஷ்டம்னு தனியா ஒண்ணும் இல்லீங்க. வேலைக்குப் போறோம், வர்றோம்."

"வேலை செய்யற இடத்துல ஏதாவது?"

"எல்லா இடத்துலயும் இருக்கறதுதாங்க."

இப்படியே போனால் உன் இடம் போய்விடும் என்று உன் அப்பாவுக்குப் பட்டுவிட்டது. அவர் ஆரம்பித்தார். வேப்பனப்பள்ளியில் சின்ன வயதில் மாந்தோப்புக்குக் காவல் இருந்தது, கிணற்றில் விழுந்தது, தோப்புக்குள் யானை வந்தது. யானை வந்தது உண்மை. அப்போது தோப்பில் இருந்தது உன் பெரியப்பா. "யானையா?" என்று கேட்டு அந்தப் பெண் எழுதிக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு நீ என்னோடு பேசவில்லை. சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் சொன்னாய்: "நீ கொஞ்சம் பேசியிருக்கலாம்மா. நமக்கு ஒண்ணுமே நடக்காத மாதிரி சொல்லிட்டே. அவங்க நம்ம பக்கம்தாம்மா." நம் பக்கம் இருக்கிறவர்களுக்கு நாம் பாவமாகத் தெரிய வேண்டியிருக்கிறதே என்று எனக்கு உறுத்தியது. ஆனால் என் வாயால் உன் படிப்பு போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. மறுநாள் காலையில் நான் டிபன் பாக்ஸ் கட்டும்போது நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அப்போதுதான் அந்த அட்டை விஷயத்தை உன்னிடம் சொன்னேன். உன்னைத் தேற்றச் சொன்னேன். நாங்கள் வாயில்லாதவர்கள் என்று என் மகன் நினைத்துவிடக் கூடாது என்றும் சொன்னேன். உன் முகம் மாறியதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் சொன்னேன். அந்த விஷயத்தை உன்னிடம் விட்டுவிட்டு நான் பஸ் ஏறிப் போய்விட்டேன்.

அதை நீ மேடையில் அழகாக விளக்கினாய். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக நானும் ஒருமுறை சொல்கிறேன். இனி அதைச் சொல்வதால் யாருக்கும் இழப்பு இல்லை. எங்கள் கம்பெனியில் பொருள் ஒவ்வொரு கையாக நகர்ந்து போகிற வரிசைக்கு லைன் என்று பெயர். அதில் நிற்கிறவர் தன் இடத்தை விட்டு நகர முடியாது, நகர்ந்தால் அவருக்கு முன்னால் வேலை குவிந்து லைன் நின்றுவிடும். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அவர் இடத்தில் வேறொருவர் வந்து நிற்க வேண்டும். அந்த ஆளுக்கு ரிலீவர் என்று பெயர். எங்கள் லைனுக்கு ரிலீவர் நான். ஒரு ஷிஃப்டில் ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை. மூன்றாவது முறை வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் காரணம் சொல்ல வேண்டும். அவர் கெட்டவர் இல்லை, கேட்கும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்பார். ஆனால் கம்ப்யூட்டரில் பதிந்தாக வேண்டும். பதிந்தது எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

அதனால் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நான் வேலையில் சேர்வதற்கு முன்பே அது இருந்தது. இன்றைக்கு என் இரண்டு முறையில் ஒன்று எனக்கு வேண்டாம் என்று நினைக்கிறவள், கழுத்தில் தொங்கும் ஐடி கார்டைப் போட்டோ உள்ளே போகும்படி திருப்பிப் போட்டுக்கொள்வாள். எத்தனை கார்டு திரும்பியிருக்கிறதோ அத்தனை முறை என் கையில் சேரும். அதை யாருக்கு வேண்டுமோ அவளுக்குக் கொடுப்பேன். கோட்டும் தொப்பியும் மாஸ்க்கும் போட்டு நின்றால் தள்ளியிருந்து பார்க்கிறவருக்கு நாங்கள் எல்லாரும் ஒன்றுதான். மொத்தம் சரியாக இருந்தால் யார் போனார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. மாதவிடாய் நாட்களில் இருப்பவள், சர்க்கரை வந்தவள், வயிறு கெட்டவள், யாருக்கும் போகும். கொடுத்தவளுக்குத் தன் முறை யாரிடம் போனது என்று தெரியாது, அவள் கேட்கவும் மாட்டாள். நான் படித்த எத்தனையோ புத்தகத்தில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்கிறார்கள், உதவியதை யாராவது ஒருவர் எப்படியும் தெரிந்துகொண்டுவிடுகிறார். எங்கள் லைனில் அது கிடையாது. அதனால்தான் அந்த வேலையை விட்டு வேறு வேலைக்குப் போக எனக்குத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த மாதங்களில் அதிகம் போனது ஒருத்திக்கு. அவளை நாகவேணி என்று வைத்துக்கொள். பாகலூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவள், ஒப்பந்தத்தில் இருப்பவள். வீட்டில் கன்னடம், என்னிடம் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள். மாசமாக இருந்தாள், லைனில் என்னைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. ஜூன் கடைசியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். மாசமாக இருக்கிறவர்களைப் புதுப்பிக்க மாட்டோம் என்று எங்கேயும் எழுதியிருக்காது. ஆனால் அதற்கு முன்னால் வயிறு தெரிந்த இரண்டு பேர் அடுத்த மாதம் வராமல் போனதை நாங்கள் பார்த்திருக்கிறோம். "ஜூன் வரைக்கும் இந்தக் கோட்டு என்னைக் காப்பாத்தணும் அக்கா" என்பாள். "கோட்டும் நீயும்." இதையும் அன்றைக்குக் காலையில் உன்னிடம் சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை.

கடைசித் தேர்வு நாளன்று எங்களையும் அந்தக் கூடத்துக்கு அழைத்திருந்தார்கள். உன் அப்பா புதுச் சட்டையில் மடிப்பு கலையாமல் உட்கார்ந்திருந்தார். வாசலில் பெயர் எழுதிய அட்டை கொடுத்து எல்லாரையும் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். என்னைப் பார்த்து "அக்காவா?" என்று கேட்டார்கள், அம்மா என்றாய். பத்தொன்பதில் உன்னைப் பெற்றவளுக்கு இது புதிதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் மேடையேறித் தன் மக்களைப் பற்றி ஒரு கதை சொல்ல வேண்டும். முன்வரிசையில் பேராசிரியர்கள், அவர்களுக்குப் பக்கத்தில் இந்தத் திட்டத்துக்கு உதவுகிற நிறுவனங்களிலிருந்து வந்தவர்கள். நீ ஏறினாய். கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை. "அந்தப் பெண்களின் பாதுகாப்புக்காகப் பெயரைத் தவிர்க்கிறேன்" என்று தெளிவாகச் சொன்னாய். அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்த நிமிடம், "அந்த லைனின் ரிலீவர் இங்கேயே இருக்கிறார், என் அம்மா" என்று கையை நீட்டினாய். எல்லாத் தலையும் திரும்பியது. என் கழுத்தில் என் பெயர் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு நீ உன் கழுத்து அட்டையைப் பிடித்து, பெயர் உள்ளே போகும்படி மெதுவாகத் திருப்பிக் காட்டினாய். கோட்டுக்குள் வயிற்றை மறைத்துக்கொண்டு நிற்கிற ஒரு பெண்ணைப் பற்றியும் சொன்னாய். ஜூன் மாதம் என்றும் சொன்னாய்.

ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். ஒரு பேராசிரியர் எழுந்து, ஓர் ஆண்பிள்ளை பெண்களின் உடம்பைப் பற்றி இவ்வளவு மரியாதையாகப் பேசி நான் கேட்டதில்லை என்றார். எனக்குப் பெருமையாக இல்லை என்று சொன்னால் பொய். நீ நன்றாகத்தான் பேசினாய். ஆனால் முன்வரிசையில் ஒருவர் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் வாசலில் கொடுத்த அட்டையோடு அவருடைய கம்பெனிக் கயிறும் தொங்கியது, நீலம். எங்கள் கம்பெனிக் கயிறும் நீலம், ஓசூரில் பாதிக் கம்பெனிக்கு நீலம்தான். அவர் தன் வீட்டுக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்திருக்கலாம். அதன் பிறகு நீ பேசிய எதுவும் என் காதில் விழவில்லை, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மைக்கை என்னிடம் நீட்டியது அதற்குப் பிறகுதான்.

சாப்பாட்டின்போது ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, நீங்க எவ்வளவு பெரிய போராட்டம் பண்றீங்க தெரியுமா?" "பாத்ரூமுக்குத்தான் போறோம் மேடம்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அடுத்த மேஜையில் அதை அவர் இன்னொருவரிடம் சொல்வது கேட்டது. நான் சாம்பார் சாதத்தோடு வாயை மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது அத்திப்பள்ளியில் பஸ் நகராமல் நின்றது. "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டாய். "நல்லா பேசின." "உண்மையாவா?" "உண்மையாத்தான்." உன் அப்பா, "எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சுடா. யானையைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். நீ சிரித்தாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போது எனக்கு நாம் முதலில் குடியிருந்த வீடு ஞாபகம் வந்தது. வீட்டுக்கார அம்மா கன்னடக்காரர், தண்ணீருக்காக ஆட்களை எண்ணிக்கொண்டே இருப்பார். நீ அப்போது இரண்டாம் வகுப்பு. உன் சித்தி சிங்காரப்பேட்டையில் மாமியார் வீட்டை விட்டுவிட்டு, யாருக்கும் தெரியாமல் நம்மிடம் வந்து தங்கியிருந்தாள். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று, வீட்டில் எத்தனை பேர் என்று உன்னிடம் கேட்டார். "எஷ்டு ஜன இத்தீரா?" நீ விரலை விட்டு எண்ணி, "நாலு. சித்தி உள்ள ஒளிஞ்சிருக்காங்க" என்றாய். அந்த அம்மா வழியாகத் தெருவுக்கும், தெரு வழியாக சிங்காரப்பேட்டைக்கும் செய்தி போய்விட்டது. ஆள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். சித்தி மறுபடி அங்கிருந்து வெளியே வர இரண்டு வருடம் ஆனது. நான் உன்னைத் திட்டவில்லை. பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்ததே நான்தானே. உண்மையில் இன்னொருவரின் பங்கும் இருக்கும் என்று எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போதும் சரியாகத் தெரியவில்லை, அதனால்தான் கடிதம் இவ்வளவு நீளுகிறது.

நீ தேர்வாகிவிட்டாய் என்று செய்தி வந்தது. உன் அப்பா டிப்போ முழுக்க மைசூர்பாக் கொடுத்தார். அது தீருவதற்குள் எங்கள் கம்பெனியில், ஷிஃப்ட் ஆரம்பத்தில் எல்லாரிடமும் கழுத்துக் கயிற்றைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஒரு கிளிப் கொடுத்தார்கள். கார்டை நெஞ்சுப் பையில் குத்திக்கொள்ள வேண்டும், போட்டோ வெளியே தெரிய வேண்டும். கயிறு மெஷினில் சிக்கும், பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னார்கள். கயிறு சிக்கும்தான், அது பொய்யில்லை. எங்கள் லைனுக்கு மட்டும் என்றும் இல்லை, எல்லா லைனுக்கும் கொடுத்தார்கள். முன்பே முடிவு செய்ததாக இருக்கலாம். அந்த நீலக் கயிற்றுக்காரருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, இல்லை என்றும் முடியாது. நீ படிக்கிற படிப்பில் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். எனக்கு அது தெரியாது. அந்தக் கிளிப்பைக் குத்திக்கொண்டு லைனுக்குப் போனேன்.

உடை மாற்றும் அறையில் ஸ்டெல்லா ஆரம்பித்தாள். எங்கள் லைனில் ரொம்ப நாளாக இருப்பவள், வாய் ஜாஸ்தி. "எவளோ போட்டுக் குடுத்திருக்கா."

"எவ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தெரிஞ்சா கிறிஸ்மஸ் கேக்கா குடுப்பேன் அவளுக்கு?"

சொல்லிவிட்டுப் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்தாள். திருவாரூர்ப் பக்கத்துப் பெண், பேச்சே வேறு மாதிரி இருக்கும், சூப்பர்வைசரிடம் சிரித்துப் பேசுவாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். அன்றிலிருந்து கேன்டீனில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன். "அக்கா, நான் என்ன பண்ணேன், சொல்லுங்களேன்" என்று கேட்டாள். "ஒண்ணும் பண்ணல, சாப்பிடு" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. வந்திருந்தால் அவள் மேல் விழுந்தது உன் மேல் விழுந்திருக்கும்.

நாகவேணியிடம் மட்டும் சொல்லிவிட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி, அவளோடு அவள் வீட்டுப் பக்கம் நடந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நின்று கேட்டாள்.

"என் பேரச் சொன்னானா உன் பையன்?"

"இல்ல."

"ஊரு?"

"இல்ல."

"அப்ப என்னாத்துக்கு வந்து சொல்ற? பேரச் சொல்லியிருந்தா உக்காந்து சண்டையாவது போடலாம்." கொஞ்சம் நடந்தாள். "கைதட்டினாங்களா?"

"தட்டினாங்க."

"நெறைய?"

"நெறைய."

"எனக்கா, அவனுக்கா?"

"பிடு அக்கா, விடு" என்று இரண்டு மொழியிலும் சொன்னாள். "அவன் சீட்டு கெடைச்சிருச்சில்ல? அதுக்கு ஒண்ணும் ஆகலியே?" அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அதற்குள் எனக்கு அவள் மேலேயே ஒரு சந்தேகம் வந்தது. எதற்குக் கேட்கிறாள், உன் மேல் புகார் கொடுப்பாளோ என்று. இதையும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. நான் உன் பல்கலைக்கழகத்தை மட்டும் சந்தேகப்படுகிறவள் இல்லை.

நீ அங்கே இருக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படி. நீ கற்றுக்கொள்கிறது எங்களுக்கு வேண்டியதுதான். கழிப்பறை விஷயத்தை யாராவது ஒருநாள் சட்டத்தின் வாயால் கேட்டுத்தான் ஆக வேண்டும், கார்டைத் திருப்பிப் போட்டே எத்தனை காலம் ஓட்டுவது? அதைக் கேட்கிற ஆளாக நீ வந்தால் எனக்கு அதைவிட வேறு என்ன வேண்டும். ஆனால் உன்னிடம் ஒருவர் கஷ்டத்தைச் சொல்லச் சொன்னால், அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படம் எடுக்கிறார் என்று பார். யாராவது கண்ணைத் துடைத்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள், அதற்கு மேல் போகாதே. பெயரை மறைத்துவிட்டால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நினைக்காதே. எங்களைப் போன்றவர்களை, சொல்கிறவனின் அம்மாவை வைத்தும், பஸ்ஸை வைத்தும், மாசத்தை வைத்தும் கண்டுபிடித்துவிடுவார்கள். வெற்றி பெற்ற கதையைச் சொல்வதில் ஆபத்து குறைவு. இன்னும் நடந்துகொண்டிருக்கிற ஒன்றை, அதில் நிற்கிறவர்கள் ஆகட்டும் என்று சொல்லும்வரை உன்னோடு வைத்துக்கொள். என்னிடமும் கேட்டிருக்க வேண்டும். நான் அம்மா என்பதால் என் சம்மதம் உன் பையில் எப்போதும் இருக்கிறது என்று நினைத்துவிட்டாய். போன வாரம் உங்கள் ஆபீஸிலிருந்து கூப்பிட்டு, என்னை வைத்து ஒரு வீடியோ எடுக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். வேண்டாம் என்று மறுபடி சொன்னேன்.

இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் நாகவேணியின் வீட்டுக்குப் போய் முழுசாகப் படித்துக் காட்டினேன். என் புத்தகப் பழக்கம் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. "நீ இவ்வளவு எழுதுவியா?" என்றாள். அவளே தன் பெயரை மாற்றச் சொன்னாள், நாகவேணி அவளாகத் தேர்ந்தெடுத்த பெயர். ஊரையும் மாற்றியிருக்கிறேன். ஜூனை மாற்ற வேண்டாம், அது இனிமேல் எதற்கு என்றாள். ஸ்டெல்லா தன் பெயரை அப்படியே போடச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அவளிடம் கேட்கவில்லை, அதனால் அதுவும் அவள் பெயர் இல்லை. ஊரே படிக்கிற இடத்தில் எழுதுவது அந்தத் திருவாரூர்ப் பெண்ணுக்காக. அவள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. சொன்னவள் நான், என் மகனிடம். லைனில் இருக்கிறவர்கள் படித்துவிட்டு என்னிடம் வரட்டும். பெண்கள் இப்போது வேறு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அது என்ன என்று நீ கேட்கமாட்டாய் என்று நம்பப் பார்க்கிறேன்.

ஜூன் கடைசியில் நாகவேணியின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கிளிப் வந்த பிறகு அவள் மூன்றாவது முறைக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அவள் வேலையை விட்டுப் போன நாளில் ஸ்டெல்லா அவளிடம், போட்டுக் கொடுத்தது யார் என்று உனக்காவது தெரியுமா என்று கேட்டாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். தெரியாது என்றாள் நாகவேணி.

அம்மா